அம்மா ஓ, அப்பா ஏ, பிள்ளை பி: வீட்டில் ஏன் சண்டை?



இந்த முறை உள்கடன், தவணை, வட்டி எதையும் பேசப்போவதில்லை. ரத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். "அது டாக்டருங்க பேச வேண்டியது, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பும் கட்டவில்லை. ஊக்குநர் வீடு தேடிப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் ரத்த வகை அச்சடித்த ஒரு சின்ன அட்டை.

நடந்தது இதுதான். (பெயரும் ஊரும் வேண்டாம். அந்தச் சகோதரி சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.) பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டை போடுவதற்காகப் பிள்ளைகளுக்கு ரத்த வகை பார்த்தார்கள். அவர் மகனுக்கு பி பாசிட்டிவ் என்று அச்சாகி வந்தது. அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ், பிரசவ அட்டையில் இருக்கிறது. அப்பாவுக்கு ஏ பாசிட்டிவ். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னே ஒரு முகாமில் கொடுத்த அட்டையை அவர் பர்சில் வைத்திருந்தார். ஒருநாள் கரையில் உட்கார்ந்து வலையில் நண்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, கூடத் தொழில் செய்கிற கொஞ்சம் படித்த தம்பி ஒருவர், "ஓவுக்கும் ஏவுக்கும் பி பொறக்காதேண்ணே" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த மனுஷன் அன்றைக்கு வீட்டில் சோறு தின்னவில்லை. மாமியார் காதுக்குப் போனதும், "எங்க வம்சத்துலயே பி ரத்தம் கெடையாது" என்று ஆரம்பித்துவிட்டார். நாலு நாளில் அந்தச் சகோதரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஏங்க, அந்தத் தம்பி சொன்னது உண்மையா பொய்யா?" என்று அந்தக் குழுவினர் நம்மைக் கேட்டார்கள். நமக்கும் அப்போது பதில் தெரியவில்லை. ரத்த வங்கியில் வேலை செய்பவர்களைக் கேட்டோம், படித்தோம். தெரிந்துகொண்டதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ரத்த வகை என்றால் என்ன?

பார்ப்பதற்கு எல்லோர் ரத்தமும் சிவப்புதான். ஆனால் ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் ரத்தத்தோடு கலந்தால் சில சமயம் நன்றாகச் சேரும், சில சமயம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் போகும். இது ஏன் என்று 1901-ஆம் வருஷம் ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்கள் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜூன் 14-ஆம் தேதியை ரத்த தானம் செய்வோர் தினமாக உலகம் முழுக்கக் கொண்டாடுகிறோமே, அது அவருடைய பிறந்த நாள்.

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களின் மேலே சில அடையாளங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏ அடையாளம் இருந்தால் ஏ வகை. பி அடையாளம் இருந்தால் பி வகை. இரண்டும் இருந்தால் ஏபி. இரண்டுமே இல்லாவிட்டால் ஓ. தன்னிடம் இல்லாத அடையாளம் உள்ளே நுழைந்தால் உடம்பு அதை எதிரி என்று நினைத்துத் தாக்கும். அதனால்தான் வகை மாற்றி ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

முகாமில் பார்த்திருப்பீர்கள். விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் மூன்று சொட்டு ரத்தம் வைப்பார்கள். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து, மூன்றாவதில் நிறமில்லாத மருந்து. நீலத்தில் கட்டினால் ஏ, மஞ்சளில் கட்டினால் பி, இரண்டிலும் கட்டினால் ஏபி, இரண்டிலும் கட்டாவிட்டால் ஓ. மூன்றாவதில் கட்டினால் பாசிட்டிவ், கட்டாவிட்டால் நெகட்டிவ். ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் வெளிச்சம் சரியில்லாமல், இருநூறு பிள்ளை வரிசையில் நின்று தள்ளும்போது, நீலமும் மஞ்சளும் இடம் மாறவோ பெயர் மாற்றி எழுதவோ எவ்வளவு நேரமாகும்? இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாடும் சீட்டும்

ரத்த வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வெளியே எங்கேயும் போக வேண்டாம். நம் ஏரியில் பாடு முறை இருக்கிறதல்லவா? எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று தலைக்கட்டுக்காரர்கள் கூடிச் சீட்டு எடுப்பார்கள். சீட்டில் வந்தது வந்ததுதான். பாட்டு உரிமை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். பெண்களுக்கு அதில் பங்கு கிடையாது. அது சரியா தவறா என்பதை வேறொரு இதழில் பேசிக்கொள்ளலாம்!

ரத்தத்தில் அப்படியில்லை. அம்மாவுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு.

நம் ஒவ்வொருவர் உடம்பிலும் ரத்த வகைக்கு இரண்டு சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நம் அம்மா கொடுத்தது, ஒன்று நம் அப்பா கொடுத்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஏ, பி, ஓ என்ற மூன்றில் ஏதோ ஒன்று எழுதியிருக்கும். நமக்குப் பிள்ளை உண்டாகும்போது, நம்மிடம் உள்ள இரண்டில் ஒன்றை மட்டும் அதற்குக் கொடுக்கிறோம். எது போகும் என்பது நம் கையில் இல்லை, குலுக்கல்தான். அதே மாதிரி புருஷனும் ஒன்று கொடுக்கிறார். பிள்ளைக்கு மறுபடியும் இரண்டு சீட்டு.

இப்போது முக்கியமான விஷயம். ஏ சீட்டும் பி சீட்டும் சத்தம் போட்டுப் பேசும். ஓ சீட்டு வாயே திறக்காது. ஒருவரிடம் ஏ ஒன்று, ஓ ஒன்று இருந்தால் பரிசோதனையில் ஏ என்றுதான் தெரியும். ஓ உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். ஏ ஒன்று, பி ஒன்று இருந்தால் இரண்டும் பேசும், அதுதான் ஏபி. இரண்டு சீட்டுமே ஓவாக இருந்தால்தான் ஒருவர் ஓ வகை.

அதனால் அட்டையில் ஏ என்று போட்டிருந்தால் நமக்குப் பாதிதான் தெரியும். அவரிடம் இரண்டும் ஏவா, இல்லை ஒரு ஏ, ஒரு ஓவா என்பது அந்த அட்டையில் இருக்காது. இந்தச் சீட்டுக் கணக்கை 1924-இல் சரியாகப் போட்டுக் கொடுத்தவர் டாக்டர் இல்லை, ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மனி நாட்டுக் கணக்கு வாத்தியார். கணக்கு தெரிந்தவர் எங்கே வேண்டுமானாலும் உதவுவார், நம் குழுக் கணக்காளர் மாதிரி.

இனி கணக்கைப் பார்ப்போம். அம்மாவும் அப்பாவும் ஓ என்றால் பிள்ளையும் ஓதான், கொடுக்க வேறு சீட்டே இல்லை. இரண்டு பேரும் ஏ என்றால் பிள்ளை ஏ ஆகலாம், ஓவும் ஆகலாம். இரண்டு பேரும் தங்களிடம் ஒளிந்திருந்த ஓவைக் கொடுத்துவிட்டால் பிள்ளை ஓ. அப்பா அம்மா யாருமே ஓ இல்லாமல் பிள்ளை மட்டும் ஓ என்று பார்த்து எத்தனையோ வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை சகோதரிகளே. தாத்தாவோ பாட்டியோ கொடுத்த ஓ ஒரு தலைமுறை ஒளிந்திருந்து பேரப்பிள்ளையிடம் எட்டிப்பார்க்கிறது. இரண்டு பேரும் பி என்றாலும் இதே கதைதான், பிள்ளை பி அல்லது ஓ.

ஒருவர் ஏ, இன்னொருவர் பி என்றால் நாலு வகையில் எதுவும் பிறக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்த நாலு பிள்ளைக்கும் நாலு வகை இருக்கலாம், கூடப் பிறந்தவர்கள் இல்லை என்று ஆகிவிடாது. ஒருவர் ஏபி, இன்னொருவர் ஓ என்றால் பிள்ளை ஏ அல்லது பி. அப்பா மாதிரியும் இருக்காது, அம்மா மாதிரியும் இருக்காது. "ரெண்டு பேரு மாதிரியும் இல்லியே" என்று இங்கேயும் சந்தேகம் கிளம்பும், ஆனால் கணக்குப்படி அதுதான் சரி. ஏபியோடு ஏவோ பியோ ஏபியோ சேர்ந்தால் பிள்ளை ஏ, பி, ஏபி மூன்றில் ஒன்று. ஓவோடு ஏ சேர்ந்தால் ஏ அல்லது ஓ. ஓவோடு பி சேர்ந்தால் பி அல்லது ஓ.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு புதுசாகக் குலுக்கப்படுகிறது. மூத்தவனுக்கு ஏ வந்ததால் இளையவளுக்கு ஓ வரவேண்டும் என்ற முறை வைப்பு ஏதும் கிடையாது. (ஆணா பெண்ணா என்பதும் குலுக்கல்தான். அதை முடிவு செய்கிற சீட்டு அப்பாவிடமிருந்து வருகிறது. பொண்ணாப் பெத்துட்டா என்று மருமகளைத் திட்டுபவர்கள் கவனிக்க.)

அப்படியானால் அந்தத் தம்பி சொன்னது?

கணக்குப்படி சரி. ஓவுக்கும் ஏவுக்கும் ஏ அல்லது ஓ. பி வராது. அப்படியானால் அந்தச் சகோதரி மேல் விழுந்த பழி சரியா? அங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலில் ஒரு சினிமாக்காரர் கதை. சார்லி சாப்ளினைத் தெரியாதவர்கள் இல்லை. 1943-இல் அமெரிக்காவில் ஒரு பெண் தன் குழந்தைக்கு அவர்தான் தகப்பன் என்று வழக்குப் போட்டார். ரத்தம் பார்த்தார்கள். சாப்ளின் ஓ, அம்மா ஏ, குழந்தை பி. நம்ம ஊர் கதை மாதிரியே இருக்கிறது, பாருங்கள்! மூன்று டாக்டர்கள் இவர் தகப்பனாக இருக்க முடியாது என்று சொன்னார்கள். ஆனாலும் கலிபோர்னியா நீதிமன்றத்தில் அப்போது ரத்தப் பரிசோதனையை முடிவான சாட்சியாக ஏற்கவில்லை. 1945-இல் சாப்ளின்தான் தகப்பன் என்று தீர்ப்பாகி, அவர் செலவுக்குப் பணம் கட்டினார். அதன் பிறகுதான் அந்த ஊரில் சட்டத்தையே மாற்றினார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ரத்த வகையை வைத்து "இவர் இல்லை" என்று சில சமயம் சொல்லலாம். "இவர்தான்" என்று ஒருபோதும் சொல்ல முடியாது. பி ரத்தம் உள்ளவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பிள்ளைக்கும் அப்பாவுக்கும் ஒரே வகை என்பதால் எதுவும் நிரூபணம் ஆகாது. ஆக, இது வீட்டில் வைத்து யாரும் நியாயம் சொல்கிற தராசு இல்லை. "இவர் இல்லை" என்று சொல்வதற்கும் மூன்று பேர் வகையும் சந்தேகமில்லாமல் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். சாப்ளின் வழக்கில் டாக்டர்கள் பார்த்தார்கள். நம் வீடுகளில் என்றைக்கோ முகாமில் எழுதிய அட்டையை வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறோம்.

அட்டை சரியாகவே இருந்தும் கணக்கு தப்புகிற இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். 1952-இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேவும் அவர் கூட இருந்தவர்களும் ஒரு விசித்திரமான ரத்தத்தைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு ஓ மாதிரி இருந்தது. ஆனால் ஓ ரத்தத்தைக் கலந்தாலும் கட்டிக்கொண்டது. அதற்குப் பம்பாய் ரத்த வகை என்றே பெயராகிவிட்டது. இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது.

விளக்கம் இதுதான். ஏ, பி அடையாளங்கள் நேராக அணுவின் மேல் ஒட்டுவதில்லை. அவற்றுக்குக் கீழே ஹெச் என்று ஒரு அஸ்திவாரம் வேண்டும். அந்த அஸ்திவாரம் போடுவதற்கும் தனியாக இரண்டு சீட்டு இருக்கிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அஸ்திவாரம் போடத் தெரியாத சீட்டே வந்துவிட்டால், ஏ சீட்டோ பி சீட்டோ கையில் இருந்தும் அடையாளம் மேலே வராது. பரிசோதனையில் ஓ என்று தெரியும். அப்பா ஏபியாக இருந்து பிள்ளை ஓ என்று வருவதற்கு இது ஒரு காரணம். ஓ என்று எழுதப்பட்ட அம்மா உண்மையில் பம்பாய் வகையாக இருந்து, அவரிடம் ஒளிந்திருந்த பி சீட்டு பிள்ளைக்குப் போய்ப் பேச ஆரம்பிப்பதும் நடக்கும். அந்த அம்மா குற்றவாளி இல்லை. ஆனால் அவருக்கு அவசரத்தில் சாதாரண ஓ ரத்தம் ஏற்றிவிட்டால் உயிர் போகலாம், பம்பாய் வகைதான் ஏற்ற வேண்டும். அதனால்தான் ரத்த வங்கியில் ஏற்றுவதற்கு முன்னே இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்க்கிறார்கள். "சீக்கிரம் குடுங்க" என்று நாம் அங்கே சத்தம் போடக்கூடாது.

சொந்தத்தில் கல்யாணம் செய்கிற இடங்களில் இந்த மாதிரி ஒளிந்திருக்கிற சீட்டுகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுதல். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று முடிப்பது நம் பக்கம் சாதாரணம். தாத்தாவிடமிருந்த ஒரே சீட்டு இரண்டு கிளையாகப் பிரிந்து போய் மறுபடி ஒரு பிள்ளையில் வந்து சேர்கிறது. ரத்த வகை மட்டுமில்லை, சில பரம்பரை நோய்களும் இந்த வழியில்தான் வருகின்றன.

இதோடு இன்னொன்று. நம் ஊரில் பலர், "புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே ரத்த வகை இருந்தா பிள்ளை ஊனமாப் பொறக்கும்" என்று சொல்லி வரனைத் தட்டிக் கழிக்கிறார்கள். அது பொய். நாட்டில் ஓவும் பியும்தான் அதிகம். ஒரே வகைத் தம்பதிகள் லட்சக்கணக்கில் நல்ல பிள்ளை பெற்றிருக்கிறார்கள். சொந்தத்தில் முடிப்பதற்கு யோசிக்காதவர்கள் இதற்கு யோசிப்பதுதான் வேடிக்கை. ரத்தம் ஏற்றிக்கொண்டால் பிள்ளைக்கு வேறு வகை வரும் என்பதும் பொய். ஏற்றிய சிவப்பு அணு அதிகபட்சம் நாலு மாதத்தில் அழிந்துபோகும், சீட்டு மாறாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சந்தேகப்பட்ட புருஷன் "டெஸ்ட் எடு" என்று மனைவியைக் கட்டாயப்படுத்த முடியுமா? 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் 112-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. முறையான கல்யாணம் நடந்து, அது நிலுவையில் இருக்கும்போது பிறந்த பிள்ளை அந்தப் புருஷனுடைய பிள்ளைதான் என்று அது சொன்னது. கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்வதற்கே வாய்ப்பில்லாமல் இருந்தது என்று நிரூபித்தால்தான் மாறும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் 116-ஆம் பிரிவாக இதே பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. 1993-இல் கவுதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்டவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு போட முடியாது, யாரையும் ரத்தம் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொன்னது. பிள்ளைக்கு டி.என்.ஏ. பரிசோதனை கேட்பதையும் சாதாரணமாக அனுமதிக்கக்கூடாது என்று 2023-லும் சொல்லியிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் யாராவது "ரத்தம் பாத்துடலாம்" என்று எழுந்தால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சண்டையைவிட முக்கியமானது: நெகட்டிவ் தாய்மார்கள்

ஏ, பி, ஓ பார்த்துச் சண்டை போடுகிற வீட்டில், பக்கத்திலேயே எழுதியிருக்கிற பாசிட்டிவ், நெகட்டிவை யாரும் கவனிப்பதில்லை. உயிர் போவது அங்கேதான்.

இதுவும் சீட்டுதான். பாசிட்டிவ் சீட்டு பேசும், நெகட்டிவ் சீட்டு பேசாது. இரண்டும் நெகட்டிவாக இருந்தால்தான் ஒருவர் நெகட்டிவ். நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் வாக்கில் இப்படி இருக்கிறார்கள். பாசிட்டிவ் தம்பதிக்கு நெகட்டிவ் பிள்ளை பிறக்கலாம், அதுவும் சந்தேகப்பட வேண்டிய விஷயமில்லை.

அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் வயிற்றில் உள்ள பிள்ளை பாசிட்டிவாக இருக்கலாம். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிரசவ நேரத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலக்கும். அம்மாவின் உடம்பு அதைப் புதுசு என்று பார்த்து, எதிர்க்கிற பொருளைத் தயார் செய்துவைக்கும். உடம்பு அதை மறக்காது. அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், அந்த எதிர்ப்பு நஞ்சுக்கொடி வழியாகப் போய்ப் பிள்ளையின் ரத்தத்தையே அழிக்கும். பிள்ளை வெளுத்து, வீங்கி வயிற்றிலேயே இறக்கலாம். இல்லாவிட்டால் பிறந்த முதல் நாளே கடுமையான மஞ்சள் காமாலை வரும்.

நம் கூட்டமைப்பிலேயே ஒரு சகோதரிக்கு இது நடந்தது. முதல் பிரசவத்தின்போது அட்டையில் "ஓ நெகட்டிவ்" என்று எழுதியிருந்தது. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, போட வேண்டிய ஊசியும் போடவில்லை. இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே போனது. ஊரில் திருஷ்டி என்றார்கள், ஏரிக்கரையில் உச்சி வேளையில் போனதால் என்றார்கள். மூன்று வருஷம் அவர் விசேஷத்துக்கே வெளியே வரவில்லை. இப்போது நாம் கேட்டபோது அந்தப் பழைய அட்டையை எடுத்துக் காட்டினார். விவரத்தைச் சொன்னதும், "அப்ப எம்மேல எந்தக் கோளாறும் இல்லியா?" என்று கேட்டார். நமக்குப் பதில் சொல்ல நா வரவில்லை.

இதைத் தடுக்க ஊசி இருக்கிறது. பெயர் ஆன்டி-டி. 1968 முதல் உலகத்தில் இருக்கிறது. பொதுவாக ஏழாம் மாத வாக்கில், 28-ஆம் வாரத்தில் ஒன்று போடுவார்கள். பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், கட்டாயம் ஒன்று போட வேண்டும். கரு கலைந்தாலும், கலைத்தாலும், கருக்குழாயில் கரு தங்கினாலும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும். "சின்னக் கருதானே, வீட்லயே கலைஞ்சிடுச்சு" என்று விட்டுவிடுவதில்தான் பலர் ஏமாந்துபோகிறோம். அம்மா உடம்பில் எதிர்ப்பு ஏற்கெனவே உண்டாகிவிட்டால் இந்த ஊசி பலிக்காது. உண்டாகிவிட்டதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. உண்டாகியிருந்தாலும் மனசைத் தளரவிட வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் கவனித்துப் பார்த்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே போய்ச் சொல்ல வேண்டும்.

இந்த ஊசி எதிலிருந்து வருகிறது தெரியுமா? மனுஷங்க கொடுக்கிற ரத்தத்திலிருந்துதான். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர். அவர் ரத்தத்தில் இந்த மருந்துக்கு வேண்டிய பொருள் நிறைய இருந்தது. 1954 முதல் 2018 வரைக்கும் 1,173 முறை கொடுத்தார். பதினாலு வயசில் பெரிய ஆபரேஷன் நடந்தபோது முகம் தெரியாதவர்கள் ரத்தம் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றினார்கள் என்பதற்காகவே கொடுக்க ஆரம்பித்தாராம். 2025 பிப்ரவரியில் காலமானார்.

கர்ப்பமானவுடன் நர்ஸம்மாவிடம் பதிவு செய்யும்போது ரத்த வகையை எழுதுவார்கள். நெகட்டிவ் என்றால் சிவப்புப் பேனாவில் வட்டம் போடச் சொல்லுங்கள். புருஷனுக்கும் பார்த்துவிடுங்கள். அவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ்தான், பயமில்லை. நெகட்டிவ் ரத்தம் எல்லா நேரமும் கையில் இருக்காது. ஏரிக்கு அக்கரையில் இருப்பவர்கள் படகு ஏறி, பழவேற்காடு வந்து, பொன்னேரி போய், அங்கேயும் இல்லாவிட்டால் சென்னை வரைக்கும் தேட வேண்டியிருக்கும். பிரசவ வலி வந்த பிறகு தேடுகிற வேலை இல்லை இது. நம் குழுக்களில் யார் யார் எந்த வகை என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில், விருப்பமுள்ளவர்கள் மட்டும், எழுதிவைக்கலாம். பிறந்த உடனே பிள்ளைக்குப் பார்த்த வகையைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு அடையாளங்கள் சரியாக வலுப்பட்டிருக்காது.

சரி, அந்தச் சகோதரி என்ன ஆனார்?

ஊக்குநரும் பிரதிநிதியும் அந்த வீட்டுக்காரரிடம் போய், "அட்டையை நம்பி வாழ்க்கையை முடிச்சிக்காதப்பா, ஒழுங்கா ஒரு எடத்துல பாப்போம்" என்று பேசினார்கள். முதலில் அவர் வரமாட்டேன் என்றார். ரத்தம் கொடுக்கவோ மறுக்கவோ தனக்கு உரிமை உண்டு என்று தெரிந்தும், அந்தச் சகோதரிதான், "நான் வரேன், எனக்குப் பயமில்ல" என்றார். இவரும் பின்னாலேயே கிளம்பினார். மாமியாரும் விடவில்லை, "நானும் வந்து பாக்குறேன்" என்று பஸ் ஏறிவிட்டார். அரசு ரத்த வங்கியில் நிதானமாக, இரண்டு முறை பார்த்தார்கள். அம்மா ஓ, பிள்ளை பி, அவை மாறவில்லை. அப்பாதான் ஏ இல்லை. அவர் பி. முகாமில் யாரோ நீலத்தையும் மஞ்சளையும் மாற்றியிருக்கிறார்கள்.

வந்ததுதான் வந்தோம் என்று மாமியாருக்கும் பார்த்தார்கள். நாலு பிள்ளையை வீட்டிலேயே பெற்ற அந்த அம்மா, வாழ்க்கையில் ஒருமுறைகூட ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. அவருக்கு பி பாசிட்டிவ். வம்சத்தில் இல்லாத பி அவரிடமிருந்துதான் மகனுக்கும் பேரனுக்கும் வந்திருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறங்குகிற நேரத்தில் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாராம்.

அவர் மன்னிப்புக் கேட்டாரா, மகன் கேட்டாரா என்று நாம் விசாரிக்கவில்லை. அந்தச் சகோதரி இந்த மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தார். விட்டுப்போன இரண்டு மாதச் சேமிப்பை அபராதம் இல்லாமல் கட்டிக்கொள்ளலாம் என்று குழு தீர்மானம் போட்டது. அதை நோட்டில் எழுதியதும் அவர்தான், அவர் கையெழுத்துதான் அந்தக் குழுவில் அழகு.